துணைக்கு ஒரு நாற்காலி

"உங்க ரெண்டு பேர்ல யாருக்காவது என்னை முன்னாடியே தெரியுமா?"

சமரச மையத்தில் எந்தப் பேச்சும் இந்தக் கேள்வியில்தான் தொடங்கும். பக்கத்து வீட்டுச் சண்டையோ, ஒரே கடையின் இரண்டு முதலாளிகள் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பதோ, எதுவாக இருந்தாலும் சரி, நடுவராக உட்காருகிறவர் முதலில் இதைக் கேட்டாக வேண்டும். தெரியும் என்று ஒருவர் சொல்லிவிட்டால் தீர்ந்தது. நடுவர் எழுந்து வெளியே போய்விடுவார், வேறு ஆள் வந்து உட்காருவார். வந்திருப்பவரை நடுவருக்கே தெரியும் என்றால், அவர்கள் வாயைத் திறக்கும்வரை காத்திருக்காமல் நடுவரே சொல்லிவிட வேண்டும். இதில் பூசி மெழுகும் வேலையே கிடையாது.

புதிதாக வரும் தன்னார்வலர்களுக்கு இந்த விதியைச் சொல்லிக்கொடுப்பவள் தராசக்கா. பெற்றவர்கள் வைத்த பெயரா அது? மையத்தில் கூட வேலை செய்யும் பட்டாளத்தார் ஒருநாள் கேலியாகச் சொன்னது. ராணுவத்தில் காலமெல்லாம் துப்பாக்கி தூக்கிவிட்டு இங்கே வந்து சண்டை தீர்த்துக்கொண்டிருக்கும் மனிதர் அவர். அவர் வைத்த பெயர் பசை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டது. ஆளும் அப்படித்தான். இரண்டு பக்கத்துக்கும் ஒரே மாதிரித் தண்ணீர்க் குவளை வைப்பாள். அழுகிறவர்கள் கண் துடைக்க வைத்திருக்கும் காகிதப் பெட்டியை மேஜையின் நட்டநடுவில் வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, நூலளவு நகர்த்துவாள். யாரும் தலைமாட்டில் உட்கார்ந்து அதிகாரம் பண்ணக் கூடாது என்று வட்ட மேஜை வாங்க வைத்தவளும் அவள்தான்.

ஓய்வு பெறும் வரைக்கும் தொலைபேசி நிலையத்தில் புகார் கேட்கும் பிரிவில் வேலை. மறுமுனையில் ஆள் காட்டுக்கத்தல் கத்துவார். இவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "நீங்க சொல்றது என்னன்னா..." என்று அவர் சொன்னதையே கோபத்தை வடிகட்டிவிட்டுத் திருப்பிச் சொல்வாள். கத்தியவர் அடங்கிப்போவார். அந்த வித்தைதான் இங்கேயும் கைகொடுத்தது. கணவர் நடுவயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். குழந்தை குட்டி கிடையாது. சலவைக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் இந்த இரண்டு அறை மையம்தான் அவளுக்கு வீடு வாசல் எல்லாம். இஸ்திரிப் பெட்டியின் நீராவி வாசனை படி வழியே ஏறி வரும். அதை மூக்கில் வாங்கினால்தான் அவளுக்குப் பொழுது விடிந்த மாதிரி இருக்கும்.

மையத்துக்கு இன்னொரு விதி உண்டு. மேஜையில் உட்கார்ந்து பேசியவர்களைத் தெருவில் பார்த்தால் நடுவர் முதலில் சிரிக்கக் கூடாது. அவர்களாகச் சிரித்தால் சிரிக்கலாம். இவர்களுக்கு வீட்டில் ஏதோ தகராறு போலிருக்கிறது என்று பக்கத்தில் நிற்பவர்கள் கண்டுபிடித்துவிடக் கூடாதாம். நல்ல விதிதான், யார் இல்லை என்றது? ஆனால் அதே பேட்டையில் பத்துப் பதினைந்து வருஷம் இந்த வேலை பார்த்தவளின் கதியை யாராவது யோசித்தார்களா? காய்கறிக்கடைக்காரருக்கும் அவர் தம்பிக்கும் ராசி பண்ணி வைத்தாள். மறுநாளே அவர் இவளைக் கண்டதும் கீரைக்கட்டை எண்ண ஆரம்பித்துவிட்டார். எதிர்வீட்டு மாமியாரும் மருமகளும் இவள் முன்னால் கட்டிப்பிடித்து அழுதவர்கள். இன்றைக்குச் சன்னலில் இவள் தலை தெரிந்தால் திரையை இழுத்துவிடுகிறார்கள். தன் அழுகையைப் பார்த்தவளை யாருக்குத்தான் மறுபடி பார்க்கப் பிடிக்கும்? ஊர்ச் சண்டை எல்லாம் தீரத் தீர, இவளைப் பார்த்துச் சிரிக்கிற முகம் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தது. இப்போதெல்லாம் தெருமுனையிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. வீட்டுக்குள் வந்தால் அங்கே மட்டும் யார் இருக்கிறார்கள்? குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில் கொஞ்ச நேரம் நிற்பாள்.

கூடப்பிறந்தவள் ஒருத்தி இருந்தாள். இருந்தாள் என்ன, இருக்கிறாள். இதே நகரத்தின் அடுத்த கோடியில். ஆனால் பேச்சு நின்று ஐந்து வருஷம் ஆகிறது.

நடந்தது இதுதான். ஒருநாள் சாயங்காலம் தங்கை பையும் கையுமாக வீட்டு வாசலில் வந்து நின்றாள். முகமெல்லாம் வீங்கிக் கிடந்தது. அவள் புருஷன் வேறொருத்தியோடு பல வருஷமாகக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நீங்களோ நானோ அக்காவாக இருந்தால் என்ன செய்திருப்போம்? நாலு வார்த்தை அவனைத் திட்டியிருப்போம். அதுகூட வேண்டாம், தங்கையைக் கட்டிக்கொண்டு கூட உட்கார்ந்து அழுதிருப்போம். தராசக்கா என்ன செய்தாள் தெரியுமா? அவனுக்குப் போன் போட்டு வரச்சொன்னாள். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிக் குவளையில் தண்ணீர் வைத்தாள். ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் குறுக்கே வரக் கூடாது என்றாள். பாவி, மனசறிந்து கெடுதல் செய்யவில்லை. தன்னிடம் இருக்கிற வைத்தியத்திலேயே உயர்ந்ததை எடுத்துத் தங்கைக்குக் கொடுப்பதாகத்தான் நினைத்தாள்.

தங்கை பேசி முடித்ததும் அவன் பேசினான். தட்டுத்தடுமாறி, வீட்டில் தனக்கு ஒட்டவில்லை, அது இது என்று ஏதோ உளறினான். இவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க சொல்றது என்னன்னா, வீட்ல ஆள் இருந்தும் தனியா இருக்கிற மாதிரி இருந்துச்சு. அதை யார்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம வேற இடம் தேடிப் போயிட்டீங்க. அப்படித்தானே?" என்றாள். அவன் பொலபொலவென்று கண்ணீர் விட்டு, "ஆமாக்கா, அதேதான்க்கா" என்றான்.

தங்கை எழுந்தாள். "நான் சொன்னதைக்கூட நீ இவ்வளவு அழகாத் திருப்பிச் சொல்லலியேக்கா" என்றாள். வந்த பையைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு போன் செய்தால் எடுக்கவில்லை. தேடிப் போனால் வீடு மாற்றியிருந்தாள். சித்தி ஒருத்தி மூலம் தூது விட்டதற்கு, "அவங்களுக்கு ரெண்டு பக்கமும் வேணும் சித்தி, நான் ஒரு பக்கம்தானே" என்று பதில் வந்தது.

ஐந்து வருஷம் கழித்து, ஒருநாள் காலையில் தராசக்கா மையத்துக்குள் நுழைந்ததும், ஆபீஸ் பொறுப்பைப் பார்க்கும் அம்மாள் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"இன்னிக்கு உங்களுக்கு மேல்வீடு கீழ்வீடு. ரெண்டு தரப்பும் வந்து உள்ள உட்கார்ந்தாச்சு. மேல தையல் மெஷின் சத்தமாம். கீழ்வீட்டுக்காரர் நைட் பஸ் ஓட்டுறவர், பகல்ல கண்ணை மூட முடியலையாம்."

மையத்தில் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். யார் என்ன என்று பெயரைச் சொல்ல மாட்டார்கள். தராசக்கா இன்னும் ஒரு படி மேலே. விவரத்தை முன்னாலேயே கேட்டால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்று எதையும் பார்க்காமலே உள்ளே போவாள். அன்றைக்கும் அப்படியே போனாள். ஓரமாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த பட்டாளத்தார், "தராசு கிளம்பிடுச்சு, படிக்கல்லை எடுத்து வைங்க" என்று வழக்கம்போல் கிண்டல் செய்தார்.

அவள் கதவைத் திறந்தாள். மேஜைக்கு அந்தப்புறம் அவள் தங்கை உட்கார்ந்திருந்தாள்.

முன்நெற்றி முடி முழுக்க நரைத்திருந்தது. கழுத்தெலும்பு தூக்கிக்கொண்டு நின்றது. அக்காவைப் பார்த்ததும் கண் ஒரு தடவை விரிந்தது, அவ்வளவுதான். அக்கா இங்கே வேலை செய்வது அவளுக்குத் தெரியாததல்ல. தெரிந்துதான் வந்திருக்கிறாள்.

எதிர்ப்பக்கம் ஓட்டுநர், காக்கிச் சட்டையோடு, கண் சிவந்து. பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி. துணைக்கு ஒருவரைக் கூட்டி வரலாம் என்று மையத்தில் ஒரு வழக்கம் உண்டு. துணைக்கு வந்தவர் பக்கத்தில் உட்காரலாம், கையைப் பிடித்துக்கொள்ளலாம், வாயை மட்டும் திறக்கக் கூடாது. அதற்காக இரண்டு பக்கமும் கூடுதலாக ஒரு நாற்காலி போட்டிருக்கும். தங்கைக்குத் துணை யாரும் வரவில்லை. அந்த நாற்காலியில் தன் கைப்பையை வைத்திருந்தாள்.

தராசக்காவின் கால் தானாக நடந்து வந்து அவளை உட்கார வைத்தது. என்ன செய்ய வேண்டும் என்பது அவளுக்கு மனப்பாடம். 'இவங்க என் தங்கச்சி, வேற நடுவர் வருவாங்க' என்று சொல்லிவிட்டு எழுந்து போக வேண்டும். போனால் என்ன ஆகும் என்பதும் தெரியும். பட்டாளத்தார் உள்ளே வருவார், கதவு சாத்திக்கொள்ளும், பேச்சு முடிந்து தங்கை படியிறங்கிப் போய்விடுவாள். ஐந்து வருஷம் கழித்துக் கிடைத்தது இந்த அறை ஒன்றுதான். அடுத்து எப்போது கிடைக்கும்? பழக்கதோஷத்தில் கேள்வி மட்டும் வெளியே வந்தது.

"உங்க ரெண்டு பேர்ல யாருக்காவது என்னை முன்னாடியே தெரியுமா?"

"தெரியாதுங்க மேடம்" என்றார் ஓட்டுநர்.

தங்கை அவளை நேருக்கு நேர் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "தெரியாது" என்றாள்.

கூடப்பிறந்தவளே தெரியாது என்றுவிட்டாள். ஆனால் அதே மூச்சில் ஒரு ஆசையும் எட்டிப் பார்த்தது. நான் எழுந்து போய்விடக் கூடாது என்றுதான் அப்படிச் சொல்லியிருக்கிறாளோ? பதிலுக்குத் தானும் மௌனமாக இருந்தால் ஒரு மணி நேரமாவது அவள் குரலைக் கேட்கலாமே? தன் கையாலேயே ஊட்டி வளர்த்த விதியை அவள் அந்த இடத்தில் மென்று முழுங்கினாள்.

"சரி. கீழ்வீட்டுக்காரர் முதல்ல சொல்லட்டும்."

ஓட்டுநர் நியாயமான மனிதர். குரலை உயர்த்தவே இல்லை. "விடியக்காலைல ஷிப்ட் முடிச்சு வந்து படுக்கிறேன் மேடம். கண்ணு சொருகுற நேரம் பார்த்து தலைக்கு மேல கடகடன்னு ஆரம்பிச்சுடுது. ஸ்டியரிங் பிடிக்கிற கை இது. நான் ஒரு நிமிஷம் அசந்தா, பின்னாடி உட்கார்ந்திருக்கிறவங்க கதி என்ன? அவங்க பொழைப்பைக் கெடுக்கணும்னு எனக்கு வேண்டுதல் இல்லை. பகல்ல கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லுங்க, போதும்." பக்கத்தில் மனைவிக்கு உதடு துடித்தது. பேசக் கூடாது என்று சொல்லி வைத்திருந்ததால், சொல்ல வேண்டியதையெல்லாம் புருஷன் முழங்கையில் கிள்ளிக் கிள்ளிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொல்றது என்னன்னா..." என்று தராசக்கா அதைத் திருப்பிச் சொன்னாள். சொல்லும்போது தங்கையின் உதட்டோரம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டதைப் பார்த்தாள்.

அடுத்துத் தங்கை. "ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிறேன் மேடம். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் வேலை கழுத்தை நெரிக்கும்."

மேடம்! தாவணி கட்டத் தெரியாமல் நின்றபோது இழுத்துக் கட்டிவிட்ட அக்காவைப் பார்த்து மேடமாம். தராசக்கா முகத்தை அசைக்கவில்லை. அசைத்தால் எல்லாம் தெரிந்துபோகும் என்று அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எங்கே தங்கை பக்கம் சாய்ந்துவிடுவோமோ என்ற அந்தப் பயத்தில் அவள் எதிர்ப்பக்கம் சாய ஆரம்பித்தாள். ஓட்டுநர் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டியவள், தங்கையைப் பிடித்துக் குடைந்தாள்.

"பள்ளிக்கூடம் திறந்து மாசக்கணக்கு ஆச்சே? இப்போ என்ன அவ்வளவு வேலை?"

"இப்போ வேலை இல்லை."

"வேலை இல்லாம மெஷின் எதுக்கு ஓடுது?"

"ஓட்டுறேன்."

"அதான் எதுக்குன்னு கேக்கிறேன். கீழ ஒருத்தர் தூங்குறார்னு தெரியும்தானே?"

"தெரியும்." தங்கை மடியில் கிடந்த தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "துணி போடாம சும்மாதான் ஓட்டுறேன். நூல்கூடக் கோக்கிறதில்லை. வீடு சத்தமில்லாம இருந்தா என்னால இருக்க முடியல. அதான்."

கீழே சலவைக்கடையில் நீராவி சீறும் சத்தம் கேட்டது. ஓட்டுநரின் மனைவி கிள்ளுவதை நிறுத்திவிட்டாள்.

இந்த இடத்தில்தான் நடுவர் திருப்பிச் சொல்ல வேண்டும். 'நீங்க சொல்றது என்னன்னா' என்று ஆரம்பித்தால் போதும், மற்றது தானாக வரும். தராசக்காவுக்கு வரவில்லை. குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும் தன் அடுப்படிதான் கண்முன் வந்தது. அவள் திடுக்கென்று மறுபக்கம் திரும்பி, "சரி, இதைப் பத்திக் கீழ்வீட்டுக்காரர் என்ன நினைக்கிறீங்க?" என்றாள்.

அந்த மனிதருக்கே பொறுக்கவில்லை. "இருக்கட்டும் மேடம். அந்தம்மா சொல்லி முடிக்கட்டும். எனக்கு ஒண்ணும் அவசரமில்லை" என்றார்.

எதிரிக் கட்சிக்காரர் சொல்லித் தர வேண்டியதாகிவிட்டது. தராசக்காவுக்குக் காது சுட்டது. பேச்சு முட்டி நின்றால் இரண்டு தரப்பையும் தனித்தனியாக வைத்துப் பேசுவது வழக்கம். அவள் எழுந்து, "மேல்வீட்டம்மா, நாம கொஞ்சம் தனியா பேசலாமா?" என்று சின்ன அறைக்குக் கூட்டிப்போனாள்.

சின்ன அறையில் சன்னல் கிடையாது. இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி. கதவைச் சாத்தியதும் தங்கை உட்காராமல் சுவரோரம் நின்றுகொண்டாள்.

"மேடம், இங்க சொல்றது வெளியில போகாதுன்னு சொன்னாங்க."

"போகாது."

"அப்போ சொல்றேன். எனக்கு ஒரு அக்கா இருந்தா. என் புருஷன் பண்ணின காரியத்துக்கு அழுதுக்கிட்டே அவகிட்ட ஓடினேன். எனக்கு அன்னிக்கு நியாயம் வேணாம் மேடம். எவன் கேட்டான் நியாயத்தை? 'அடப்பாவி'ன்னு ஒரு வார்த்தை அவனை அவ சொல்லியிருந்தா போதும். அவனுக்குத் தண்ணி வச்சா."

தராசக்கா வாயைத் திறந்தாள். அந்த நாக்கை என்ன சொல்வது! தொலைபேசி நிலையத்தில் பழகின நாக்கு, எத்தனையோ பேர் கண்ணீரைத் துடைத்த நாக்கு, நேரம் காலம் தெரியாமல் தன் வேலையைச் செய்துவிட்டது.

"நீங்க சொல்றது என்னன்னா, உங்க அக்கா உங்க பக்கம் நிக்கலைன்னு..."

தங்கை சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியிலேயே உடைந்தது. "உனக்கு வேற பேச்சே வராதாக்கா?"

அக்கா என்ற வார்த்தை அந்தச் சின்ன அறையில் விழுந்து கிடந்தது.

"தெரியாதுன்னு ஏன் சொன்னே?" என்று கேட்டாள் தராசக்கா. "தெரியும்னு சொன்னா நான் எந்திரிச்சுப் போயிடுவேன்னுதானே? நான் இருக்கணும்னுதானே?"

"இருக்கணும்னா?" தங்கை அவளை ஏதோ அதிசயத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "நீ உண்மையைச் சொல்லிடுவேன்னுதான் அப்படிச் சொன்னேன். சட்டம்னா சட்டம்னு நிக்கிற ஆளாச்சே நீ. நான் தெரியாதுன்னு சொன்னதும் துள்ளி எந்திரிச்சு, 'அவ பொய் சொல்றா, அவ என் தங்கச்சி'ன்னு அத்தனை பேர் முன்னாடி சொல்லுவேன்னு பார்த்தேன். உன் வாயால அந்த ஒரு வார்த்தை வரும்னு பார்த்தேன். அதுக்குத்தான் வந்தேன். நீ என்னடான்னா, 'கீழ்வீட்டுக்காரர் முதல்ல சொல்லட்டும்'ங்கிறே."

"சொல்லியிருந்தா நான் வெளியில போகணும்டி. உன் குரலைக்கூடக் கேக்க முடியாது. உன்கூட இருக்கணும்னுதான் நான் வாயை மூடிக்கிட்டேன்."

"கூட இருந்தியா நீ? எதிர்ல இல்ல உட்கார்ந்திருந்தே!"

எதிரில்கூட இல்லை, நடுவில் உட்கார்ந்திருந்தேன் என்று சொல்லலாம். சொல்லி என்ன ஆகப் போகிறது? தராசக்காவுக்கு முகம் கோணியது. அழுகையை அடக்கப் பார்த்து முடியாமல், ஒப்பாரி வைக்கிற மாதிரி ஒரு சத்தம் வெளியே வந்துவிட்டது. கண் துடைக்கும் காகிதப் பெட்டி பெரிய அறையில் மேஜையின் நட்டநடுவில் இருந்தது. சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் கதவைத் திறந்தாள்.

ஆபீஸ் அம்மாளும் பட்டாளத்தாரும் சத்தம் கேட்டு எழுந்து நின்றிருந்தார்கள். பெரிய அறையிலிருந்து ஓட்டுநரும் மனைவியும் எட்டிப் பார்த்தார்கள்.

"இவ என் தங்கச்சி. கூடப்பிறந்தவ. தெரிஞ்சேதான் உட்கார்ந்தேன். தப்பு" என்றாள் தராசக்கா.

ஆபீஸ் அம்மாளுக்கு மூஞ்சி சிவந்துபோயிற்று. "எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்த நீங்களா அக்கா இப்படிப் பண்றது? இதுவரைக்கும் பேசினது எல்லாம் செல்லாது. இந்தக் கீழ்வீட்டுக்காரருக்கு நாளைக்கு ஏதாவது பாதகமாச்சுன்னா மையத்தோட பேரு என்னத்துக்கு ஆகும்? இனிமே உங்களை எப்படி நான் நடுவர் நாற்காலியில உட்கார வைக்கிறது?"

"உட்கார வைக்காதீங்க" என்றாள் தராசக்கா.

பட்டாளத்தார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெரிய அறைக்குள் போனார். ஓட்டுநர் தம்பதி பின்னாலேயே போனார்கள். தங்கையும் போனாள், திரும்பிப் பார்க்காமல். கதவு சாத்தியது.

தராசக்கா பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். சலவைக்கடை வாசலில் வந்து நின்றாள். வெயில் ஏறியிருந்தது. காய்கறிக்கடைக்காரர் தள்ளுவண்டியோடு எதிரே வந்தார். இவளைப் பார்த்தார், பார்க்காத மாதிரி தக்காளியைத் திருப்பி அடுக்க ஆரம்பித்தார். வீட்டுக்குப் போகலாம். போய்க் குழாயைத் திறக்கலாம். நாளைக்கு மையமும் இல்லை. முகம் தெரிந்த மனிதர்கள் இவ்வளவு பேர் இருக்கும் ஊரில் இனிமேல் தன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வருவதற்கு என்ன வழி என்று அவளுக்குப் புரியவில்லை. அந்தக் கைப்பை வைத்த நாற்காலி ஞாபகத்துக்கு வந்தது.

அவள் திரும்பிப் படியேறினாள்.

கதவைத் தட்டாமல் திறந்தாள். பட்டாளத்தார் அப்போதுதான் குவளைகளை ஒழுங்குபண்ணிக்கொண்டு முன்னுரை சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாரும் திரும்பினார்கள். நடுவர் நாற்காலிப் பக்கம் அவள் போகவில்லை. மேஜையைச் சுற்றிக்கொண்டு போய்த் தங்கையின் பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, நீங்க இங்க..." என்று பட்டாளத்தார் இழுத்தார். "நடுவரா இருக்க முடியாதே."

"நடுவரா வரலை. துணைக்கு" என்றாள் தராசக்கா. "அவ சம்மதிச்சா மட்டும்."

ஓட்டுநரின் மனைவியால் அதற்கு மேல் முடியவில்லை. "அப்பவே நினைச்சேன்! ரெண்டு பேருக்கும் அதே மூக்கு!" என்று போட்டு உடைத்தாள். "நீங்க பேசக் கூடாதும்மா" என்று பட்டாளத்தார் அவளை அடக்கினார். பிறகு தங்கையைப் பார்த்தார். "உங்க விருப்பம்தான்மா. வேணாம்னா வேணாம். இவங்களை உங்களுக்குத் தெரியும்தானே?"

தங்கை தலையைத் தூக்கவில்லை. மேஜையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். தராசக்கா நின்றுகொண்டே இருந்தாள்.

"எங்கக்கா" என்றாள் தங்கை கடைசியில். நாற்காலியில் கிடந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இருந்துட்டுப் போகட்டும். ஆனா பேச மட்டும் விட்டுடாதீங்க சார்."

தராசக்கா உட்கார்ந்தாள்.

பட்டாளத்தார் ஓட்டுநரை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். அவரும் சளைக்காமல், ஷிப்ட் முடித்து வந்து படுப்பதையும், கண் சொருகும் நேரத்தில் தலைக்கு மேல் கடகடவென்று ஆரம்பிப்பதையும், ஸ்டியரிங் பிடிக்கிற கையைப் பற்றியும் அதே நிதானத்தோடு சொன்னார். சற்று முன் கேட்டபோது எவ்வளவு நியாயமாகப் பட்ட பேச்சு! இப்போது கேட்கக் கேட்கத் தராசக்காவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. என்ன பெரிய தூக்கம்? காதில் பஞ்சை வைத்துக்கொண்டு தூங்கட்டுமே! ஒண்டியாகக் கிடக்கிறவள் ஒரு மெஷினை ஓட்டிக்கொண்டால் இவருக்கு என்ன குறைந்துபோயிற்றாம்? வாய் வரைக்கும் வந்துவிட்டது. பேசக் கூடாதே. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, மேஜைக்கு அடியில் தங்கையின் முழங்கையைப் பிடித்து நறுக்கென்று கிள்ளினாள்.